பாலத்தடித் தண்ணீர்

இரவெல்லாம் அடித்த மழை ஓய்ந்திருக்கிறது. கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் ரயில் பாலத்துக்கு அடியில் சாலை தெரியவில்லை. பழுப்புத் தண்ணீர்தான் தெரிகிறது. சென்னைக்குப் போகும் என் விமானத்துக்கு மூன்று மணி நேரமே இருக்கிறது. வேன் ஓட்டும் அன்ரன் மன்னார்க்காரர். லண்டன் வருமுன் ஓமான் பாலைவனத்தில் ஒன்பது வருடம் தண்ணீர் லாரி ஓட்டியவர். வேனைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்.

"கெண்டைக்கால் அளவுதானே இருக்கு? போயிடலாம்," என்கிறேன்.

"ஓமான்ல மழைக்குப் பிறகு மண் ரோட்டை நம்ப ஏலாது அக்கா. தண்ணிக்குக் கீழ ரோட்டு இருக்கோ, அடிச்சுக்கொண்டு போயிட்டுதோ ஆருக்குத் தெரியும்? நடந்து பாத்துத்தான் வண்டியை இறக்குவம்."

"இது லண்டன், அன்ரன்!"

அவர் இறங்கி, வேனில் கிடந்த விளக்குமாற்றுக் கம்பால் குத்திக் குத்தி நடக்கிறார். பின்னால் நிற்கும் நீலக் கார் விடாமல் ஹாரன் அடிக்கிறது. எனக்கு மானம் போகிறது. நடுவழியில் கம்பு சரேலென்று கைப்பிடிவரை இறங்குகிறது. சாக்கடைக் குழியின் மூடியை வெள்ளம் பெயர்த்துவிட்டிருக்கிறது.

திரும்பி வந்தவர் ஸ்டெப்னி டயரைக் கழற்றி உருட்டிப்போய், குழிக்குள் நிமிர்த்திச் செருகுகிறார். பாதி டயர் தண்ணீருக்கு மேலே நிற்கிறது.

"குழியைக் கண்டவன் அடையாளம் வைக்காமல் போகக் கூடாது அக்கா."

"அங்கேயும் ஸ்டெப்னியைத்தான் வைப்பீங்களா?"

"இல்லை. அங்க கையில ஸ்டெப்னி இல்லாட்டிச் சாவு."

ஓரமாக ஊர்ந்து கரையேறுகிறோம். கண்ணாடியில் பார்க்கிறேன். நீலக் கார் டயரைக் கண்டு தயங்கி, விலகி வருகிறது. அதன் பின் இருக்கையில் பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள்.