பின்சீட்டில் யாரும் இல்லை

அந்தக் காரை வாங்க வேண்டாம் என்று அத்தானிடம் ஒரு தடவை இல்லை, நாலு தடவை சொன்னேன். நான் மெக்கானிக். வாரண்டி முடிந்த நாளிலிருந்து அத்தான் தயவில் என் பட்டறைக்குத்தான் அது வரும். அதன் வயிற்றுக்குள் என்னென்ன கோளாறு இருக்கிறது என்பது விற்றவருக்குத் தெரியாது. வாங்கியவருக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கினார் பாருங்கள், அதுதான் எனக்கு இன்றைக்கு வரைக்கும் ஆறவில்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். டைல்ஸ் கம்பெனி முதலாளி ஒருவரிடம் இருபத்திரண்டு வருஷம் கார் ஓட்டியவர். தெருவில் அவருக்குப் பேரே 'ஐயா வீட்டு டிரைவர்'தான். ரேஷன் கார்டில் இருக்கிற பேரைச் சொல்லி யாராவது வாசலில் வந்து கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களே முழிப்பார்கள். கார்க்கதவு சாத்தப்படும் சத்தத்தை வைத்து முதலாளி என்ன கோபத்தில் இருக்கிறார் என்று அத்தான் சொல்லிவிடுவார். மகன் பிறந்த அன்று அவர் முதலாளி அம்மாவை ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கிவிட்டு வாசலில் காத்திருந்தார். அதைக் குறையாகச் சொல்லவே மாட்டார். அக்காதான் சொல்வாள், அதுவும் சண்டை வந்தால்.

கார், கறுப்பு நிறத்தில் நீளமான கார். பதினேழு வருஷப் பழசு. ஒரு காலத்தில் அது தெருமுனையில் திரும்பினாலே மற்ற வண்டிகள் தானாக ஒதுங்கும். பின்சீட்டில் பட்டனை அழுத்தினால் முதுகு சாயும், காலுக்குப் பலகை வரும், ஜன்னலில் திரை ஏறும். அந்தப் பின்சீட்டுத் தோல் இன்றைக்கும் புத்தம் புதுசு மாதிரி இருக்கிறது. முன்னால் டிரைவர் உட்காரும் இடத்தில் மட்டும் தோல் வெடித்து, இடது பக்கம் அழுந்திப் பள்ளமாகிக் கிடக்கும். அத்தான் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து உட்காருகிறவர்.

சர்க்கரை நோய் அவர் கண்ணைப் பிடித்தது. இரண்டு தடவை வேகத்தடை கண்ணில் படாமல் வண்டி தூக்கிப் போட்டது. இரண்டாவது தடவை முதலாளி அம்மாவின் தலை கூரையில் இடித்துவிட்டது. அவர்கள் திட்டவில்லை. ஓய்வு எடுத்துக்கொள் என்று மரியாதையாகச் சொன்னார்கள். புதுக் காரும் புது டிரைவரும் வந்த வாரமே முதலாளி அத்தானைக் கூப்பிட்டு, "உன் பையன் லைசென்ஸ் எடுத்துட்டானாமே. இதை வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரல. நீயே எடுத்துக்க, அவன் ஓட்டட்டும்" என்றார். இருபத்திரண்டு வருஷத்துக்குக் கையில் கொடுக்க வேண்டிய பணத்தைக் காராகக் கொடுத்தார். போதாததற்கு அத்தானின் சேமிப்பிலிருந்தும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார். அத்தான் அதைப் பெரிய மனசு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அக்கா மகனுக்கு அப்போது இருபது வயது. லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் பயிற்சியில் இருந்தான். ஒரு வருஷம் முடிந்ததும் பரீட்சை, தேறினால் வேலை நிரந்தரம். எந்தக் கட்டடத்தில் லிப்ட் நின்றாலும் உடனே போகச் சொந்த வண்டி இருக்கிறவனுக்கு முதல் இடம் என்று அங்கே பேச்சு. அவனுக்காக நான் ஒரு சின்ன வெள்ளைக் காரைப் பார்த்து வைத்திருந்தேன். ஒரு டீச்சர் ஓட்டிய வண்டி, கீறல் கிடையாது. அவனுக்கும் அது பிடித்திருந்தது.

அத்தான் கேட்கவில்லை. "நான் இத்தனை வருஷம் இன்னொருத்தருக்காக ஓட்டினேன். இவன் தனக்காக ஓட்டணும். அதே வண்டியில ஓட்டணும்" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேசுவது? அந்த டீச்சருக்குப் போன் பண்ணி வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கார் வீட்டுக்கு வந்தது. வீட்டுக்குள் வரவில்லை. கேட்டுக்குள் முக்கால்வாசிதான் போனது, மூக்கு தெருவில் நீட்டிக்கொண்டு நின்றது. பின்பக்கம் காற்றில் நிற்கும் சஸ்பென்ஷன் அதற்கு. ராத்திரி காற்று இறங்கி, காலையில் பார்த்தால் முதுகு பிடித்த ஆள் மாதிரி ஒரு பக்கமாகக் குந்தியிருக்கும். அதில் ஒன்றை மாற்றும் காசுக்கு அந்த வெள்ளைக் காரில் பாதியை வாங்கியிருக்கலாம். பெட்ரோலை அது குடிக்கவில்லை, குளித்தது. மாதத்தில் பாதி நாள் பையன் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனான்.

ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் அவனை நிறுத்தி யார் வண்டி என்று கேட்டிருக்கிறார். எங்கள் வண்டி என்றிருக்கிறான். காகிதத்தில் முதலாளி பேர் இருந்தது. பேர் மாற்றும் கையெழுத்தை அப்புறம் போடுவதாகச் சொன்னவர் போடவே இல்லை. அதைப் பார்த்த போலீஸ்காரர், "டிரைவர்னு முதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்று சிரித்து அனுப்பிவிட்டார். பையன் வீட்டுக்கு வந்து சாவியை மேஜையில் வீசினான். போய்க் கையெழுத்தைக் கேளுங்கள் என்று நான் அத்தானிடம் சொன்னேன்.

"இருபத்திரண்டு வருஷத்துல அவர்கிட்ட நான் எதையும் கேட்டதில்ல" என்றார் பெருமையாக.

"அதனாலதான் இந்த வண்டி கிடைச்சிருக்கு" என்றேன். அக்கா என்னை முறைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் பையனுக்குக் கை பழக்கிக் கொடுப்பார். மூடிக் கிடந்த ஒரு கிடங்கின் பின்னால் பெரிய காலி இடம். வண்டி பாதியில் படுத்துவிட்டால் எழுப்புவதற்கு நானும் கூடப் போவேன். அத்தானுக்குக் கண் மங்கலே தவிர காது கூர்மை. பின்சீட்டில் பாதி தண்ணீர் உள்ள பாட்டிலை நிற்க வைத்து, அது விழாமல் பிரேக் போடச் சொல்வார். ஹாரன் அடிக்கக் கூடாது. திரும்பும்போது உடம்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. நடுக் கண்ணாடியைப் பின்னால் வருகிற ரோடு மட்டும் தெரிகிற மாதிரி தூக்கி வைக்க வேண்டும், உட்கார்ந்திருப்பவர்கள் முகம் அதில் படக் கூடாது. பையன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"பின்னாடி யாருமே இல்லையேப்பா?"

அத்தான் கொஞ்சம் திகைத்துப் போனார். பிறகு, "இல்லைன்னாலும் இருக்கிற மாதிரிதான் ஓட்டணும்" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பையனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. அந்த மனுஷனுக்கு ஓட்டத் தெரிந்தது ஒரே ஒரு விதம். அதைத்தான் சொல்லிக் கொடுத்தார். தனக்காக ஓட்டுவது எப்படி என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பிறகு முதலாளி வீட்டிலிருந்து போன் வர ஆரம்பித்தது. புதுக் கார் சர்வீசுக்குப் போயிருக்கிறது, அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும், பழைய காரோடு தம்பியைக் கொஞ்சம் வரச் சொல்ல முடியுமா என்று முதல் போன். அடுத்தது விருந்தாளி. அடுத்தது புது டிரைவருக்குக் காய்ச்சல். கேட்பதெல்லாம் தன்மையாகத்தான் கேட்பார்கள். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவான். அப்பனை விட நன்றாக ஓட்டுகிறான் என்று முதலாளி அம்மா சொன்னாராம். அதை அத்தான் என்னிடம் வந்து சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவர் கண்ணைப் பார்த்ததும் பேச மனசு வரவில்லை.

பரீட்சை நாள் வந்தது. காலை பத்து மணிக்குப் பரீட்சை. பையன் ஒரு வாரமாகப் படித்திருந்தான். கண்ட்ரோல் போர்டின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்து, சாப்பிடும்போதும் அதையே பார்ப்பான். கார் சரியில்லாமல் அன்று தாமதமாகிவிடக் கூடாதே என்று முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து அந்தச் சஸ்பென்ஷனைச் சரிசெய்து கொடுத்தது நான்தான். பதினேழு வருஷத்தில் அவ்வளவு ஒழுங்காக அந்த வண்டி நின்றதே இல்லை. அன்று மட்டும் அது வழக்கம்போலப் படுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

காலை ஆறரைக்குப் போன். முதலாளியின் பேத்தி வெளிநாட்டிலிருந்து வருகிறாள், புதுக் கார் பஞ்சராகி நிற்கிறது, ஏர்போர்ட் வரை போய்வர ஒன்றரை மணி நேரம்தான். அத்தான் காதில் வைத்த கையோடு, "சரிங்கய்யா" என்றுவிட்டார். பையன் பேனாவைச் சட்டைப் பையில் செருகியபடி அவரையே பார்த்தான். அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"அவனைக் கேக்காம எதுக்கு சரின்னீங்க?"

"வாயில தானா வந்துடுச்சு" என்றார் அத்தான். திரும்ப போன் பண்ணி முடியாது என்று சொல்லச் சொன்னாள் அக்கா. அவர் போனைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். எட்டு மணிக்குள் வந்துவிடலாம் என்றார். பையன் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். வந்த பிறகு ஒரு பெட்டி வரவில்லை என்று பேத்தி உள்ளேயே நின்றுவிட்டாள். அவளை வீட்டில் இறக்கிவிட்டு அவன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே முக்கால். அவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்திருக்கிறான். வெளியே நின்ற அந்தக் காரை எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய கார் வைத்திருக்கிறவனுக்கு எங்கள் வேலை எதற்கு என்று அந்த மேலாளர் கேட்டாராம். பையன் என்னிடம் இதைச் சொன்னபோது அழவில்லை.

அவன் இரண்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தான். சுவரில் இருந்த படத்தை அக்காதான் கிழித்துப் போட்டாள். மூன்றாவது மாதம் முதலாளியிடமிருந்து போன் வந்தது. புது டிரைவர் நின்றுவிட்டான், பையன் சும்மா இருக்கிறானாமே, இங்கே வரச் சொல் என்றார். இந்தத் தடவை அத்தான் உடனே சரி என்றுவிடவில்லை. போனைப் பொத்திக்கொண்டு மகனைப் பார்த்தார். 'முடியாது' என்று அவன் சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தார். சத்தியமாகக் காத்திருந்தார், நான் பக்கத்தில்தான் இருந்தேன். பையன் தோளைக் குலுக்கி, "வரேன்னு சொல்லுங்க" என்றான்.

அவன் வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. ஓட்டுவது புதுக் கார். பழைய கார் அக்கா வீட்டுக் கேட்டில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கையெழுத்து இன்னும் வரவில்லை, அதனால் விற்கவும் வழியில்லை.

போன வாரம் அத்தானுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன். மத்தியானம் வீட்டுக்கு அனுப்பினார்கள். பையன் அரை நாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு பழைய காரைக் கொண்டுவந்தான். குனியக் கூடாது, சாய்ந்தே இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னதால் அத்தானைப் பின்சீட்டில் உட்கார வைத்தோம். உட்காருவதற்கு முன்னால் இருக்கையைக் கையால் இரண்டு தடவை தட்டிவிட்டார். இத்தனை வருஷம் ஓட்டி, சொந்தமாகவும் வாங்கிய காரில் அவர் பின்னால் உட்காருவது அதுதான் முதல் தடவை. நான் பட்டனைக் காட்டினேன். முதுகு சாய்ந்தது, காலுக்குப் பலகை வந்தது. கட்டுப் போட்ட கண்ணோடு அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். நான் முன்னால் பையன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பையன் அற்புதமாக ஓட்டினான். ஹாரன் இல்லை. எங்கே பிரேக் போட்டான், எங்கே எடுத்தான் என்றே தெரியவில்லை. பாட்டிலை வைத்திருந்தால் விழுந்திருக்காது. பாதி வழியில் அத்தான் பின்னாலிருந்து, "ஏசியைக் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்றார்.

"சரிங்கய்யா" என்றான் பையன்.

கை தானாக நீண்டு ஏசியைக் குறைத்தது. தான் சொன்னது அவன் காதிலேயே விழவில்லை. ரோட்டைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தான். நான் திரும்பிப் பார்த்தேன். அத்தான் பட்டனைத் தேடி அழுத்தி, சாய்ந்திருந்த சீட்டை நிமிர்த்திக்கொண்டிருந்தார். வீடு வருகிற வரைக்கும் அவர் முதுகைச் சாய்க்கவில்லை. கட்டில்லாத கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அது பையனுக்குத் தெரிந்திருக்காது. நடுக் கண்ணாடியை, பின்னால் வருகிற ரோடு மட்டும் தெரிகிற மாதிரிதான் அவன் தூக்கி வைத்திருந்தான்.