பவுனு கழுவிய கான்கிரீட்

மலைகளில் இருக்கும் பழைய நீர்மின் அணைகளில் துளை போட்டு எடுத்த கான்கிரீட் உருளைகள், மரப்பெட்டிகளில் டெல்லி ஆய்வுக்கூடத்துக்கு வந்து இறங்கும். தமிழர்கள் வாழும் மதராசி கேம்ப் குடிசைப் பகுதியிலிருந்து பஸ் பிடித்து வரும் பவுனுவுக்கு அவற்றைக் கழுவித் துடைக்கும் வேலை. தினக்கூலி. முழுசாக இருப்பவை நசுக்கிப் பலம் பார்க்கும் இயந்திரத்துக்கு, நொறுங்கியவை குப்பைக்கு.

1998 மார்ச்சில் இமாசலத்திலிருந்து நாற்பது வயது அணை ஒன்றின் மூன்று பெட்டிகள் வந்தன. பெரிய நிலநடுக்கம் வந்தால் அது தாங்குமா என்று சொல்ல வேண்டும். இன்ஜினியர் ஜெயசீலன் நசுக்கிப் பார்த்த உருளைகள் எல்லாம் நல்ல பலம். அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டார்.

பவுனு இரும்புச் சட்டியோடு வந்து நின்றாள். “சார், இந்த நொறுங்குனத வீசிடட்டுமா?”

“வீசிடுங்கம்மா. அத மெஷின்ல வைக்க முடியாது.”

அவள் நகரவில்லை. “உடையாதத மட்டும் உடைச்சுப் பாத்தா, எல்லாமே கெட்டியாத்தான சார் இருக்கும்?”

ஜெயசீலனுக்குச் சுருக்கென்றது. பேனாவைக் கீழே வைத்தார். “எந்தப் பெட்டியில இருந்தது?”

“மூணுலயும் சார். எல்லாம் பதினோரு மீட்டர் ஆழம்னு எழுதுன எடத்துல. கழுவுனா தண்ணி சுண்ணாம்பாட்டம் வெள்ளையா ஆவுது.”

இருவரும் தரையில் உட்கார்ந்து பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அவள் சொன்னது சரி. பல ஆண்டுகளாகக் கசிந்த நீர், அந்த ஒரு மட்டத்தில் கான்கிரீட்டின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே போயிருந்தது.

“மறுபடியும் முதல்லேருந்தா?” என்று மேலதிகாரி முணுமுணுத்தார். ஆனாலும் திருத்திய அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் மூன்று கோடைகள் அணையின் நீர்மட்டத்தைக் குறைத்து வேலை நடந்தது. துளைகள் வழியே சிமெண்ட் கரைசலை அழுத்தி நிரப்பினார்கள். கசிவு நீர் வெளியேறத் தனி வழியும் செய்தார்கள்.

2001 நவம்பரில் அதே ஆழத்திலிருந்து புதிய உருளைகள் வந்தன. ஆணியைப் பிடுங்கி மூடியைத் திறந்த பவுனு, உருளை ஒரு முழ நீளத்துக்கு நொறுங்காமல் ஒரே துண்டாகக் கிடந்ததைக் கண்டாள். பழைய கற்களுக்கு நடுவே புது சிமெண்ட் நரம்பாக ஓடியிருந்தது.

“சார், ஜல்தி வாங்க!”

ஜெயசீலன் அதைத் தடவிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. “அடுத்த வாரம் அணைக்கு ஜீப் போகுது. நீங்களும் வரீங்க. ஸ்வெட்டர் இருக்காம்மா?”

“பக்கத்து வீட்டு முத்தம்மாகிட்ட வாங்கிக்கறேன் சார்” என்றாள் பவுனு.