யூரியா போட்ட டிரம்

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. காலையில் ஜூஜுவாடியில் கம்பெனி பேருந்துகள் போகும்வரை நின்று, ஓசூர் டவுன் பஸ் பிடித்தேன். நான் வேலை செய்யும் உயிர் உர ஆய்வுக் கூடத்தில் வழக்கம்போல் மேசையைத் துடைத்தேன், தராசைச் சரிபார்த்தேன், பிறகு வளர்ப்புப் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே ஞாயிற்றுக்கிழமை வைத்த மூன்று கண்ணாடித் தட்டுகள். என் தம்பி பாகலூர் பக்கம் குத்தகைக்கு எடுத்திருக்கும் ரோஜாப் பசுமைக் குடிலின் மண் சாற்றைக் கடற்பாசிக் கூழில் கலந்து ஊற்றி, கட்டியாக உறையவைத்தவை. போர் தண்ணீரும் சொட்டுநீரில் விட்ட உரமும் சேர்ந்து அந்த மண்ணில் உப்பு வெள்ளையாகப் பூத்துவிட்டது. இரண்டு பாத்திகள் கருகிவிட்டன. மூன்றாவதில் மட்டும் இன்னும் பூ வருகிறது. அதைக் காப்பாற்றத்தான் உப்பைத் தாங்கி வேருக்கு உதவும் பாக்டீரியாவை ஒரு கேனில் அவனிடம் கொடுத்திருந்தேன். ஒரு டிரம்மில் வெல்லத் தண்ணீர் ஊற்றி அதைப் பெருக்கி, அன்று மாலை பாத்திக்கு விடுவதாக ஏற்பாடு.

முதல் தட்டில் எங்கள் கூடத்துத் தாய் வளர்ப்பு, கேனில் கொடுத்த அதே பாக்டீரியா. நன்றாகவே வளர்ந்திருந்தது. இரண்டாவதில் தம்பியின் டிரம்மிலிருந்து எடுத்த துளி. துடைத்து வைத்ததுபோல் வெறுமையாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூடியில் எழுதியிருந்ததை மறுபடி படித்தேன். துளி எடுத்த அன்று அந்த டிரம் கஞ்சிபோல் கெட்டியாக, நுரை கட்டி நின்றது. அவ்வளவு செழிப்பான வளர்ப்பை நான் கண்டதே இல்லை.

மூன்றாவதிலும் அதே துளிதான். மண் சாற்றில் கொஞ்சம் வெல்லம் மட்டும் கூடுதல். அதில் பாக்டீரியாக்கள் இடைவெளியே இல்லாமல் மொய்த்துக் கிடந்தன. அப்படியென்றால் அவை சாகவில்லை, உப்பைத் தாங்கும் தெம்புதான் இல்லை.

தம்பியைப் போனில் கூப்பிட்டேன். "டிரம்முல வேற என்னடா போட்டே?"

"வெறும் வெல்லத் தண்ணியில எப்படிக்கா வளரும்? ரெண்டு கை யூரியா போட்டேன்."

"ஒரு தடவையா?"

"தினமும்தான். நமக்கு மட்டும் மூணு வேளை, அதுங்களுக்கு வேணாமா?"

யூரியாவின் தழைச்சத்து அளவு மீறினால் அவை பெருகிக்கொண்டே போகும். இருக்கிற வெல்லத்தை எல்லாம் பெருகுவதிலேயே தீர்த்துவிடும். உப்பு மண்ணில் உடம்பிலுள்ள தண்ணீரை இழக்காமல் பிடித்துவைக்கத் தேவையான சேமிப்பு மிஞ்சாது. இதெல்லாம் படித்ததுதான். ஆனாலும் அவ்வளவு கொழுத்த கூட்டத்தில் ஒன்றுகூட அந்த மண்ணில் எழவில்லை என்பதை வெற்றுத் தட்டில் பார்த்தபோது நம்ப முடியவில்லை. மாலையில் விட்டிருந்தால் அத்தனை யூரியாவும் கடைசிப் பாத்திக்குப் போய் அதையும் கருக்கியிருக்கும்.

"இன்னிக்கு விடாதே. வால்வுல கை வெக்காதே."

"ஆளுங்கள வரச் சொல்லிட்டேனேக்கா. உன் பூச்சிங்க என்ன புது மாப்பிள்ளையா, வெல்லப் பாகுதான் வேணும்னு அடம் பிடிக்க?"

"மூணாவது பாத்தியும் போச்சுன்னா என்னடா பண்ணுவே?"

போனில் அவன் மோட்டாரை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிக்கா. மூடி வெக்கறேன்" என்றான்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பாகலூர் போய், இருவரும் டிரம்மைப் பாத்திக்கு எட்டாத தூரம் உருட்டிக் கவிழ்த்தோம். அதைக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, நான் நிறுத்துக் கொண்டுபோன வெல்லத்தை அவன் கரைத்தான். நான் புதுக் கேனைத் திறக்குமுன், யூரியா மூட்டை இருந்த அறையைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன்.