நிழலுக்கு நடந்த படை

லிஃப்ட் மெக்கானிக்கை எல்லாரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து காபி குடித்து யாரும் பார்த்ததில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பார். வாரம் முழுக்க அடுக்குமாடிகளில் வேலை. ஞாயிறானால் பள்ளி மைதானத்தில் தன் சாரணர் படையோடு ஓட்டம். சொந்த மகள் அந்தப் படையில் வளர்ந்து பெரியவளாகி வேலைக்கே போய்விட்டாள். இவர் மட்டும் படையை விடவில்லை. முதலுதவி சொல்லிக்கொடுக்க மனைவியும் கூட வருவாள்.

வம்பு மண்டல மன்றத்திலிருந்து வந்தது. சுற்றுவட்டாரப் படைகளுக்கெல்லாம் மேலே உள்ள மன்றம் அது. அதன் புதிய ஆணையர் வேறு யாருமில்லை, மனைவியின் சொந்த அண்ணன். மச்சானுக்கு முகாமைவிட மேடை பிடிக்கும். பதவிக்கு வந்ததும் வராததுமாக முகாம்களைக் குறைத்தார், பேரணிகளைக் கூட்டினார்.

"முடிச்சுப் போடக் கத்துக்க வந்த பிள்ளைங்களுக்குச் சும்மா நிக்கக் கத்துக்குடுக்கிறாரு உங்க அண்ணன்" என்று மெக்கானிக் வீட்டில் பொரிந்து தள்ளுவார்.

"அவரை ரெண்டு வார்த்தை சொல்லாம உங்களுக்குச் சாப்பாடு இறங்காதே" என்பாள் மனைவி.

அந்த வருடப் பேரணியில் வெயில் மண்டையைப் பிளந்தது. சிறப்பு விருந்தினர் இதோ வருகிறார், அதோ வருகிறார் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருந்தது. வரிசையில் நின்ற ஒரு சிறுமி சத்தமில்லாமல் மடங்கி விழுந்தாள். மனைவி ஓடிப்போய் அவளைச் சுவரோரம் தூக்கிச் சென்று முகத்தில் தண்ணீர் தெளித்தாள். மெக்கானிக் நேராக மேடையில் ஏறினார்.

"மச்சான், பிள்ளைங்களை மரத்தடிக்கு அனுப்பிடறேன்."

"கார் திரும்பிடுச்சாம் மாப்ள. கொஞ்சம் பொறுங்க. இப்ப வரிசை கலைஞ்சா அசிங்கமாயிடும்."

இறங்கி வரும்போதே இன்னொரு பையன் தள்ளாடுவது தெரிந்தது. அதற்குமேல் அவருக்குத் தாங்கவில்லை. விசிலை ஊதினார். "படை, இடப்பக்கம் திரும்பு!" பிள்ளைகள் கால் பிசகாமல் நடந்து மரநிழலுக்குப் போனார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் படை இரண்டும் பின்னாலேயே கிளம்பின. விருந்தினரின் கார் உள்ளே நுழைந்தபோது மைதானத்தின் நடுவே பல் விழுந்த வாய் மாதிரி ஓர் இடைவெளி.

விசாரணை என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. அந்த நாட்களில் அவர் கை ஓரிடம், மனம் ஓரிடம். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவைச் சரிசெய்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைக் கூண்டின் மேலேயே விட்டுவிட்டார். அது ஒவ்வொரு மாடிக்கும் கடகடவென்று உருள, குடியிருப்பவர்கள் பயந்துபோய் போன் செய்தார்கள். வீட்டில் தூங்குகிறவர் திடீரென்று எழுந்து, "நான் என்ன தப்பு செஞ்சேன், சொல்லு" என்பார். "தெரியலையே, படுங்க" என்பாள் மனைவி.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். மன்ற அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் மச்சானும் உறுப்பினர்கள் இருவரும் இருந்தார்கள்.

"உட்காருங்க."

"பரவாயில்லை, நிக்கிறேன். நிக்கத்தானே எங்களைப் பழக்கறீங்க?"

உறுப்பினர் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சானுக்கு முகம் சிவந்தது. "மன்னிப்புக் கேட்டா முடிஞ்சுபோச்சு மாப்ள."

"கேட்டுட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட."

பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். மைதானத்துக்குள் காலே வைக்கக் கூடாது என்றார்கள்.

இரண்டு ஞாயிறு கழித்து மச்சான் வீட்டுக்கு வந்தார். மெக்கானிக்கின் பக்கம் திரும்பவேயில்லை. தங்கையிடம், "படையை நீ எடுத்துக்கோ. ஆள் இல்லைன்னா கலைச்சிட வேண்டியதுதான்" என்றார்.

அவள் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டாள். "எடுத்துக்கறேண்ணே. ஆனா விருந்தாளி வந்து இறங்கின பிறகுதான் என் பிள்ளைங்க வெயிலுக்கு வருவாங்க. அதுக்குச் சம்மதமா?"

"நீயுமா?"

"அன்னைக்கு அந்தப் பொண்ணைத் தூக்கினது நான்தானே? அவ உடம்பு எப்படிக் கொதிச்சுதுன்னு எனக்குத் தெரியும்."

அண்ணன், "சரி, உன் இஷ்டம்" என்று எழுந்து போனார்.

மெக்கானிக் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் ஞாயிறு காலை மனைவி கழுத்துத் துணியை மடித்துக் கட்டிக்கொண்டபோது அவரால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. வண்டியில் அவளைக் கொண்டுபோய் விட்டவர், மைதானத்தின் கம்பி வேலிக்கு வெளியே இங்குமங்கும் அலைந்தார்.

"டேய், அந்த முடிச்சு அவுந்துடும்டா! வலது கயிறு மேல வரணும்!"

"வெளியாளுங்க சத்தம் போடக் கூடாது" என்று உள்ளேயிருந்து அதட்டினாள் மனைவி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த பேரணியில் கார் வரும்வரை எல்லாப் படைகளும் மரத்தடியிலேயே நின்றன. மனைவி வைத்த நிபந்தனையை மற்றப் படைத் தலைவர்களும் வைத்திருந்தார்கள். மச்சான் மேடையில் அந்த ஏற்பாட்டைத் தன் யோசனையாகவே அறிவித்தார். கைதட்டல் சத்தம் தெரு வரைக்கும் வந்தது. வேலிக்கு வெளியே நின்ற மெக்கானிக் தட்டவில்லை.