சாமிதுரையின் கைநாட்டு

சாமிதுரைக்கு நன்றாகக் கையெழுத்துப் போடத் தெரியும். அப்படிப்பட்டவர் எண்பத்தொன்றாம் வருஷத்துக்குப் பிறகு ரேஷன் கடையானாலும், மகளின் பள்ளிக்கூடத்து அட்டையானாலும், வேலை பார்க்கிற சுண்ணாம்புக்கல் குவாரியின் பதிவேடானாலும் மைப்பெட்டியைக் கேட்டு வாங்கிக் கட்டை விரலை நீட்டிவிடுவார். "எழுதப் படிக்கத் தெரிஞ்ச மனுசன் பண்ற வேலையா இது?" என்று மனைவி செல்வம்மாள் முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

அவர் வம்சத்தில் பேனா பிடித்த முதல் ஆள் அவர்தான். அப்பா கொளஞ்சியப்பன் பண்ணை வீட்டுக் காகிதங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமலே காலமெல்லாம் விரலை உருட்டியவர். தன்னோடு அது தொலையட்டும் என்று மகனை எட்டாம் வகுப்பு வரைக்கும் அனுப்பினார். படித்ததெல்லாம் மறந்துபோய், கையெழுத்து மட்டும் மகனிடம் தங்கியது. கொ. சாமிதுரை என்று நிதானமாக எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளி எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு ஊர். பெயர் வேண்டாம், சொன்னால் இன்றைக்கும் சிலருக்குக் கோபம் வரும். அங்கே போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே, புறம்போக்கு இடத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. எண்பத்தொன்று வரைக்கும் சாமிதுரையின் சைக்கிள் கடை அதுதான்.

போலீஸ் எங்கேயாவது போய் ஒரு பொருளைப் பிடித்தால், கூட இருந்து பார்த்தோம் என்று உள்ளூர்க்காரர் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதத்துக்கு மகஜர் என்று பெயர். முந்திரிக்காட்டுக்குள் சாராயப் பானையைப் பிடித்துவிட்டு அங்கே சாட்சிக்கு ஆள் தேட யாருக்குப் பொறுமை? ரோட்டைத் தாண்டினால் சாமிதுரை இருக்கிறார். முதல் தடவை ஸ்டேஷன் எழுத்து வேலை பார்க்கிற ஏட்டு, "வாங்க சாமிதுரை, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா கைகட்டி நின்றே செத்தவர். மகனுக்கு சர்க்கார் நாற்காலி. மனுஷன் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டார்.

ஆரம்பத்தில் எழுதி முடித்த தாளில்தான் போட்டார். ஒரு வருஷம் போனதும் வெறும் தாளுக்கு வந்தாயிற்று. ஏட்டு பத்துப் பன்னிரண்டு வெள்ளைத் தாளைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்புவார். "கீழ போடுங்க, மேல நான் எழுதிக்கிறேன்." சாமிதுரை ஒவ்வொன்றிலும் கோடு இழுத்து, புள்ளி வைத்து, டீ குடித்துவிட்டு வருவார். கோர்ட்டுக்குக் கூப்பிட்டால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவார். எந்தப் பானை, யார் வீட்டுக் கொல்லை என்று கூண்டில் ஏறுவதற்கு முன்னால் ஏட்டு காதில் ஓதுவார். "ஆமாங்க, நான் பார்த்தேங்க." அதற்காகக் கை நீட்டிக் காசு வாங்கியதில்லை, அதையே பெரிய யோக்கியதை என்று நினைத்திருந்தார் பாவம். கொட்டகையை யாரும் பிரிக்கவில்லை, உட்கார நாற்காலி கிடைத்தது. அவ்வளவுக்குத்தான் தன் பெயரைக் கொடுத்தார்.

அப்போது சிமெண்டுக்கு பெர்மிட் வேண்டும். ஒரு திண்ணைக்குப் பூச நாலு மூட்டை கேட்டு ஜனங்கள் ஆபீஸ் ஆபீசாக அலைந்தார்கள். எஸ்.ஐ. வைத்திலிங்கத்துக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் லாரி லாரியாக வந்து இறங்கியது. அதில் ஒரு லாரி குன்னம் ரோட்டில் ரெவின்யூ ஆட்களிடம் மாட்டிக்கொண்டது. திருடன் என்று ஒருவனைக் காட்டியாக வேண்டுமே! மூட்டை தூக்குகிற வீரமுத்துவைப் பிடித்து வந்தார்கள். அவன் அடிக்குப் பயந்து ஒத்துக்கொண்டிருந்தால் ஆறு மாதத்தில் வெளியே வந்திருப்பான். "யாரு சொல்லி ஏத்துனேன்னு கோர்ட்டுல சொல்லிப்புடுவேன்" என்று சொல்லிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏட்டின் சைக்கிள் பஞ்சர் என்று சாமிதுரையை ஸ்டேஷனின் பின்பக்கம் கூப்பிட்டார்கள். தொட்டித் தண்ணீரில் டியூபை முக்கிக் காற்றுக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தபோது, பாதி திறந்திருந்த கதவு வழியாக வீரமுத்து கண்ணில் பட்டான். தரையில் கிடந்தான். முகம் முகமாக இல்லை. ஒரு கால் பாதம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. "அண்ணே, தண்ணி" என்றான். குடிதண்ணீர்ப் பானை முன்பக்க வராந்தாவில் இருந்தது; பத்து எட்டுகூட இருக்காது. வராந்தாவில் எஸ்.ஐ.யின் பூட்ஸ் சத்தமும் கேட்டது. சாமிதுரை குனிந்து டியூபை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். பஞ்சரை ஒட்டி முடிக்கிற வரைக்கும் அவன் மூன்று தடவை கேட்டான்.

மறுநாள் காலையில் ஊரெல்லாம் ஒரே பேச்சு. மூட்டைகளைப் பதுக்கிய இடத்தைக் காட்ட அழைத்துப் போனபோது வீரமுத்து தப்பி ஓடி, கல்குழிக்குள் விழுந்து செத்துப்போனானாம். அவன் ஓடியதைக் கண்ணால் பார்த்த சாட்சி, கொ. சாமிதுரை.

சாமிதுரை பதறிப்போய் ரோட்டைத் தாண்டினார். "ஏட்டய்யா, நான் எங்கங்க பாத்தேன்?"

"நீ பாக்கலேன்னா என்ன, உன் கையெழுத்து பாத்திருக்குல்ல" என்றார் ஏட்டு. அன்றைக்கு நாற்காலியும் போடவில்லை, 'ங்க'வும் போடவில்லை.

மூன்றாம் நாள் காத்தாயி, வீரமுத்துவின் பெண்டாட்டி, கடை வாசலில் வந்து நின்றாள். அழவில்லை.

"அண்ணே, எம் புருசன் ஓடுனத நீங்க பாத்ததா எழுதியிருக்காம்."

சாமிதுரை பெடலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு நாலு நாளு முந்தி மூட்டை விழுந்து அவரு காலு வீங்கிக் கெடந்துச்சு. வாசப்படி எறங்கவே எந்தோளப் புடிச்சுக்கிட்டாரு. எந்தக் கால முன்ன வச்சு ஓடுனாருன்னு மட்டும் சொல்லுங்கண்ணே, நான் போயிடறேன்."

அவர் துடைத்த பெடலையே திரும்பத் துடைத்தார். அவள் வெகுநேரம் போகவில்லை.

போலீஸ் காவலில் நடந்த சாவு என்பதால் விசாரணைக்குத் திருச்சியிலிருந்து ஒரு அதிகாரி அரியலூருக்கு வந்தார். டிராவலர்ஸ் பங்களாவில் விசாரணை. அதற்கு முந்தின நாளே எஸ்.ஐ. கடைக்கு வந்து, கொட்டகைக் கீற்றைத் தடவிப் பார்த்து, "நல்லா வேஞ்சிருக்கே சாமிதுரை" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் செல்வம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "கடை போனாப் போவட்டும். அந்தப் பொம்பள மொகத்த என்னால பாக்க முடியல. நடந்தத சொல்லிட்டு வாங்க."

சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் காதில் ஓதாமல், பார்த்ததைச் சொன்னார். வீரமுத்து ஓடவில்லை, செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஸ்டேஷன் அறையில் அடிபட்டுக் கிடந்தான், கால் வீங்கியிருந்தது, மகஜரில் இருப்பது வெறும் தாளில் போட்ட கையெழுத்து. தண்ணீர் கேட்டதை மட்டும் விட்டுவிட்டார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டுவதற்காவது ஒரு ஆள் கிடைத்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்த ஸ்டேஷன் கேசுல இதுக்கு முன்னாடி எத்தனை தடவை சாட்சி சொல்லியிருக்கீங்க?"

"முப்பது நாப்பது இருக்குங்க."

"சத்தியம் பண்ணித்தானே சொன்னீங்க?"

"ஆமாங்க."

"அதெல்லாம் நெசமா?"

நிஜம் என்றால் இந்தக் கையெழுத்தும் நிஜமாகிவிடும். "இல்லீங்க, பொய்ங்க."

"முப்பது தடவை கோர்ட்டுலயே பொய் சொன்ன ஆளு, இன்னைக்கு மட்டும் உண்மை சொல்றதா நான் எப்படிங்க எழுதறது?"

எஸ்.ஐ. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கக்கூட இல்லை, அதற்கு அவசியமே வரவில்லை. சாட்சி நம்பத் தகுந்தவர் அல்ல என்று அதிகாரி எழுதினார். குமாஸ்தா தாளைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினார். சாமிதுரை கை நீட்டவில்லை.

"கையெழுத்துப் போடத் தெரியும்ல?"

"தெரியாதுங்க. ரேகை வைக்கிறேன்."

பத்தே நாளில் புறம்போக்கு என்று கொட்டகையைப் பிரித்துப் போட்டார்கள். வைத்திலிங்கம் இன்ஸ்பெக்டராகி வேறு ஊர் போனார். சாமிதுரை குவாரியில் கல் உடைக்கப் போனார். அதையெல்லாம்கூட அவர் தாங்கிக்கொண்டார்.

அன்றைக்குப் பங்களாவை விட்டு வெளியே வந்தபோது காத்தாயி வேலியோரம் நின்றிருந்தாள். உள்ளே பேசியது அவள் காதிலும் விழுந்திருந்தது. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவருக்கு அங்கேயே உயிர் போய்விடும்போல் இருந்தது.

"நீங்களாச்சும் சொன்னீங்களேண்ணே. கடைசியா அவரப் பாத்தது நீங்கதான். என்னப் பத்தி எதுனாச்சும் சொன்னாரா?"

"தண்ணி கேட்டாரும்மா."

"குடுத்தீங்களா?"

பார்க்காத பானையை எல்லாம் பார்த்தேன் என்று சத்தியம் பண்ணியவர். இன்னும் ஒரு பொய், ஒரே ஒரு வார்த்தை, அவளுக்கும் மனசு ஆறியிருக்கும். அது மட்டும் வாயில் வரவில்லை.

"இல்லம்மா" என்றார்.

காத்தாயி கும்பிட்ட கையைக் கீழே இறக்கினாள். பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள். அந்த பஸ்ஸில் ஏறச் சாமிதுரைக்குத் துணிவு வரவில்லை. அரியலூரிலிருந்து வீடு வரைக்கும் நடந்தே வந்தார்.