கிளீனராகப் போன பயணம்

போன தை மாதம், பொங்கல் முடிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினோம். எங்கே என்று கேட்காதீர்கள். அன்றைய சண்டையே அதுதான்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். குஜராத், அஸ்ஸாம் என்று அவர் லோடு ஏற்றிப் போகாத இடம் இல்லை. என்னோடு சேர்ந்து போன இடம் என்று பார்த்தால் கல்யாண வீடும் எழவு வீடும்தான். நான் எப்போது போன் செய்தாலும், "வண்டியில இருக்கறேன். லோடு எறக்கீட்டுப் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிடுவார். மகள் பெரியவளான சேதியைச் சொல்லக் கூப்பிட்டபோதும் அதே பதில்தான். லோடு இறக்கிவிட்டுத்தான் மனுஷன் சந்தோஷப்பட்டார்.

அவர் ஓட்டிய பழைய லாரியை ஓனர் விற்றுவிட்டதால் நாலைந்து மாதமாக வீட்டில் இருந்தார். முதலில் எனக்குத் தொந்தரவாகத்தான் இருந்தது. சமையலறையில் நான் திரும்புகிற பக்கமெல்லாம் நிற்பார். அப்புறம் பழகிவிட்டது. பழகியதுதான் வம்பாகப் போயிற்று. ஓனர் புது லாரி எடுத்துவிட்டார். வருகிறாயா இல்லையா என்று கேட்க அன்றைக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் வாய் வரவில்லை. அதுவரை ஒரு நாளும் சொன்னதில்லையே!

கோயம்புத்தூரில் படிக்கும் மகள் பொங்கலுக்கு வந்திருந்தபோது செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். அயர்லாந்தாம். வயசான புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பச்சைப் பசேல் என்ற வயலுக்கு நடுவே மெதுவாகச் சைக்கிள் மிதிக்கிறார்கள். இறங்கி மாட்டைத் தடவிக் கொடுக்கிறார்கள். ரொட்டி தின்கிறார்கள். மறுபடி மிதிக்கிறார்கள். அவ்வளவுதான். எனக்கு அது மனசில் ஒட்டிக்கொண்டது. மாடு நம் ஊரிலும்தான் இருக்கிறது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளும் சும்மாதான் கிடக்கிறது.

"கொல்லிமலை தெரியற பக்கமா மெதுவாப் போயிட்டு வரலாமுங்களா?" என்று கேட்டேன்.

"எந்த ஊருக்கு?"

"எந்த ஊருக்கும் இல்லீங்க. சும்மா."

"எந்த ஊருன்னு தெரியாம எவனாச்சும் வண்டி எடுப்பானா?" என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது. ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்திருந்ததால் கிளம்பினார்.

கிளம்பிய அழகைச் சொல்ல வேண்டும். இரண்டு சைக்கிளுக்கும் சூடம் காட்டினார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். கம்பியை எடுத்து டயரைத் தட்டித் தட்டிக் காற்றுப் பார்த்தார். என் டிபன் கேரியரைத் தார்ப்பாய்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். மத்தியானம் அதை அவிழ்க்கப் போகிறவள் நான் என்ற நினைப்பே இல்லை. கடைசியாக என்னைப் பார்த்து, "நீதான் கிளீனர்" என்றார். திருப்பம் வந்தால் நான் முன்னால் போய் நின்று "வரலாம், வரலாம், ரைட்டு" என்று கத்த வேண்டுமாம். சைக்கிளுக்கு!

மெயின் ரோட்டைத் தாண்டும்போது, லாரி ஓட்டும் பழக்கத்தில் நடு ரோட்டுக்குப் போய்விட்டார். எதிரே வந்த லாரிக்காரர் பிரேக் அடித்துத் தலையை வெளியே நீட்டினார். "யோவ்! ஊட்ல சொல்லீட்டு வந்துட்டியா?"

எத்தனையோ சைக்கிள்காரர்களை இவர் கேட்ட கேள்வி. அவசரமாகச் சைக்கிளை ஓரத்துக்குத் திருப்பினார். நான்தான் பின்னாலிருந்து, "சொல்லித்தானுங்க கூடவே கூட்டியாந்திருக்கறாரு!" என்றேன். அந்த டிரைவர் சிரித்துக்கொண்டே போனார். இவர் சிரிக்கவில்லை.

அந்த ரோஷத்தில் கிராமத்து ரோட்டில் ஒரே மிதி. நில்லுங்கள் என்றால், "போய்ச் சேந்துட்டு நிக்கலாம்" என்கிறார். எங்கே போய்ச் சேருவது? கோழிப்பண்ணை போயிற்று, பனைமரம் போயிற்று, ஒன்றையும் பார்க்கவில்லை. ஒரு குச்சிக்கிழங்குக் காட்டுப் பக்கம் எனக்கு மூச்சு வாங்கியது. நான் இறங்கிவிட்டேன். அவர் முதுகு சின்னதாகிக்கொண்டே போய் மறைந்தது.

கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். "ஏனுங்க்கா, ஊட்ல சண்டைங்களா?" என்று ஒருத்தி அக்கறையாக விசாரித்தாள். வேலை இல்லாமல் ஒரு பொம்பளை சைக்கிளில் வருவாள் என்று அவர்களால் நம்ப முடியவில்லை. வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு கொடுத்தார்கள். தின்றுகொண்டே கதை பேசினேன்.

வெகுநேரம் கழித்து அவர் திரும்பி வந்தார். சட்டை முழுக்க வேர்வை. என்னைப் பார்த்ததும் சைக்கிளை அப்படியே கீழே போட்டார்.

"லோடு உழுந்தது தெரியாம ரெண்டு ஊரு தாண்டிப் போயிட்டனே!"

பெண்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் வாங்கிய தண்ணீர்ச் சொம்பைக் குடிக்காமலே கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் ஒரு மூட்டையைக்கூடத் தொலைக்காத மனுஷன் அவர். மெல்லச் சொன்னார்: "வழியெல்லாம் கேட்டேன். பொடவை என்ன கலர்னு கேக்கறாங்க புள்ள. எனக்குத் தெரியல."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தான் ஓட்டிய ஒவ்வொரு லாரியின் தார்ப்பாய்க் கலரும் அவருக்குத் தெரியும்.

அதற்கப்புறம், "நீ முன்னால போ, நான் பாத்துட்டே வாரேன்" என்றார். நான் மாட்டைக் கண்டால் நின்றேன். அவரும் நின்றார். அயர்லாந்து மாடு எப்படியோ, எங்கள் ஊர் மாடு தடவிக் கொடுக்கப் போனால் முட்ட வந்தது. இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். அன்றைக்கு முதல்முதலாக அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

மலை கிட்டத்தில் தெரிகிற ஓர் ஏரிக்கரையில் வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். டிபன் கேரியரை அவிழ்க்க அவருக்கே அரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு வாய் புளிசாதம் சாப்பிட்டிருப்போம். போன் அடித்தது. ஓனர். நான் ஏரியைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

"வண்டியில இருக்கறனுங்க. லோடு எறக்கீட்டுப் பேசறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எப்பங்க எறக்குவீங்க?" என்று கேட்டேன்.

"எந்த ஊருன்னே நீ சொல்லலியே" என்றபடி என் பங்கு அப்பளத்தையும் எடுத்துத் தின்றார்.

இப்போது அவர் பக்கத்து ஊர்களுக்கு முட்டை வேன் ஓட்டுகிறார். பொழுது சாய்ந்தால் வீடு வந்துவிடுகிறார். லீவு நாளில் சைக்கிள் எடுக்கும் முன்னால் இன்னமும் டயரைத் தட்டுகிறார். தட்டி முடித்ததும் என் புடவையைப் பார்த்து, "பச்சை" என்று கிளி பாடம் ஒப்பிப்பது போல் சொல்லிக்கொள்கிறார். அது பெரும்பாலும் நீலமாகத்தான் இருக்கும்; ஆனாலும் நான் திருத்துவதில்லை, பார்த்துச் சொல்ல ஓர் ஆள் கூட வருவதே எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அந்தக் கிழங்குக் காட்டில்தான் தெரிந்தது.