நாலு பேர் கம்பெனி

ஜாஸ்பின் டீச்சர் தரையில் ஒரு கன்னத்தை வைத்துப் படுத்துக் கிடந்தார். புதிதாக வருகிறவர்கள் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடுவார்கள். "ஒண்ணுமில்லக்கா. பிள்ளைக்கு இங்கனருந்து என்ன தெரியுதுன்னு பாக்குறேன்" என்பார், எழுந்திருக்காமலே. முட்டி படும் இடத்தில் அவருடைய எல்லாச் சேலையும் வெளுத்திருக்கும். நாற்பத்தெட்டு வயதில் தரையில் இப்படிப் புரளும் இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

தாயில்பட்டிப் பக்கத்துப் பால்வாடி அது. பதினான்கு பிள்ளைகள். அநேகமாக எல்லோருடைய அம்மாவும் வெடிக் கம்பெனிக்குப் போகிறவர். அக்கா மகள் செல்வியைக் காலையில் அங்கே விடுவது என் வேலை. பத்தாவதோடு நின்றவனை நம்பி வீட்டில் வேறு எதையும் தருவதில்லை. விட்டதும் திரும்பிவிடலாம். நான் திரும்புவதில்லை.

சிவகாசி அச்சகங்களில் கழித்துப் போட்ட காலண்டர் தாள்களின் பின்பக்கம்தான் டீச்சரின் நோட்டு. முன்பக்கம் நிறம் நகர்ந்துபோய் முருகனுக்கு மூக்கு கன்னத்தில் இருக்கும். பின்பக்கம் இப்படி: 'சங்கிலிமுத்து இன்று மண்ணைத் தின்றான். இரண்டாம் வாய்க்கு முகம் சுளிக்கவில்லை.' இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "எனக்கும் தெரியல தம்பி. அதான் எழுதி வைக்கிறேன்."

தாளில் அதிகம் வருவது பிள்ளைகளின் கம்பெனி. நாற்காலிகள் மேல் போர்வையைப் போட்டு அவர்களே கட்டியது. இரண்டு பக்கமும் வாசல். உள்ளே போகுமுன் இரும்பு வாளியைத் தொட வேண்டும்; தொட்டால்தான் உடம்பில் இருக்கும் கரண்டு இறங்குமாம். உள்ளே நாலு பேருக்கு மேல் கூடாது. எல்லாம் அம்மாமார் வேலை பார்க்கும் அறைகளின் சட்டம். கரும்பலகையில் ஒன்று, இரண்டு, ஏழு என்று தாவுகிற சங்கிலிமுத்துதான் அங்கே போர்மேன்; போர்வைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்ததுமே சொல்லிவிடுவான்: "ஏலே, ஆளு நெறஞ்சிருச்சு."

"அவன் எண்ணல, பாத்தியா? நாலு எப்பிடி இருக்கும்னு அவன் கண்ணுக்குத் தெரியுது" என்று டீச்சர் அன்றைக்கு அரைத் தாள் எழுதினார்.

அந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டவள் கற்பகவல்லி. சாத்தூரிலிருந்து புதிதாக வந்தவள். தினமும் வேறு நாலு பேர் முந்திவிட, ஒன்பது நாளாக வாளியைத் தொட்டபடி வெளியே நின்றாள். பத்தாம் நாள் காலையில் அவள் அம்மா மாரித்தாய் வந்து சொன்னார்:

"'எனக்கு வேல இல்லன்னுட்டாங்கம்மா'ன்னு பிள்ள வீட்ல ஒரே அழுக டீச்சர். நாளைக்கும் இப்பிடின்னா எங்கூடவே கூட்டிட்டுப் போயி வேப்பமரத்தடியில உக்கார வச்சுக்கிறேன்."

கம்பெனியின் அந்த வேப்பமரத்துக்கும் வெடிமருந்து அறைக்கும் இருபதடிதான். டீச்சர் அன்று தாளில் ஒன்றும் எழுதவில்லை.

நான் சும்மா இருப்பேனா. கறுப்புக் கண்ணாடி மாட்டி, கக்கத்தில் ஒரு அட்டையை இடுக்கிக்கொண்டு போனேன். "ஆபீசர் வந்திருக்கேன். இன்னையிலருந்து அஞ்சு பேரு. மேலிடத்து ஆர்டர்."

சங்கிலிமுத்து என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீங்க செல்வி மாமாதான?" பிறகு, விவரம் இல்லாதவனுக்குச் சொல்வது போல மெதுவாக, "அஞ்சு பேருன்னா வெடிச்சிரும்ணே" என்றான்.

கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு டீச்சரிடம் வந்தேன்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்ருவாங்கல்ல டீச்சர்?"

"விட்ருவாங்க. இங்கன ஒரு ஆளு கூடலாம்னா, அம்மா இருக்குற ரூம்லயும் கூடலாம்னு ஆயிருமே. அந்த நாலத்தான பிள்ளைக அம்புட்டு நம்பி வச்சிருக்காங்க."

மறுநாள் டீச்சர் முந்திக்கொண்டார். சங்கிலிமுத்துவையும் சேர்த்து மூன்று பேர் உள்ளே போனதுமே வாளியைத் தொட்டு, தவழ்ந்து, நாலாவது ஆளாக நுழைந்துவிட்டார். "ஆளு நெறஞ்சிருச்சு" என்றது உள்ளிருந்து ஒரு குரல். கற்பகவல்லி வழக்கம்போல வாளிக்குப் பக்கத்தில். பால்வாடி வாசலில் மாரித்தாய். கம்பெனி வேன் ஹாரன் அடித்தும் அவர் நகரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சரின் குரல் கேட்டது. "போர்மேன், எனக்குச் சோலி முடிஞ்சிருச்சுப்பா. நா வீட்டுக்குப் போறேன்." அந்தப் பக்கத்து வாசல் வழியாகத் தவழ்ந்து வெளியே வந்தார்.

சங்கிலிமுத்து போர்வைக்கு வெளியே தலையை நீட்டினான். ஒரு ஆள் குறைகிறது. வாளியருகே பார்த்தான்.

"ஏ பிள்ள, வாளியத் தொட்டியா?"

கற்பகவல்லி தலையாட்டினாள்.

"நல்லாத் தொடு. தொட்டுட்டு வா."

போர்வை ஒருமுறை அசைந்து நின்றது. டீச்சர் தரையில் கன்னத்தை வைத்து, போர்வைக்கு அடியில் தெரிந்த பாதங்களை உதடு அசைய எண்ணினார். பிறகு படுத்தபடியே, வாசலில் நின்ற மாரித்தாய்க்கு இரண்டு கைகளையும் தூக்கி எட்டு விரல்களைக் காட்டினார்.